ஒரே ஊசியில் இரண்டு வேலை

கிணத்துக்கடவு
7 ஜூலை 2024

மோகனப்பிரியா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்குவதா, ‘அன்புள்ள’ என்று தொடங்குவதா என்பது குறித்து நேற்று மாலை என் வீட்டில் விரிவான விவாதம் நடந்தது. இரண்டையும் நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் எழுதுவது என்று இறுதியில் தீர்மானம் நிறைவேறியது. கூட்டத்துக்கு நான் ஒருவன் மட்டுமே வந்திருந்ததால் எதிர்த்து ஓட்டு விழவில்லை. தீர்மானம் இன்று முதல் அமலுக்கு வருகிறது.

பொள்ளாச்சி ஓட்டலில் இரண்டு வீட்டாரும் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, நம்மைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, “போன் வேண்டாங்க, எழுதுங்க” என்று சொன்னீர்கள். காரணம் கேட்பதற்குள் உங்கள் மகள் லாஸ்யா ரோஸ்மில்க்கைக் கொட்டிவிட்டாள். ஆகவே காரணம் தெரியாமலே எழுதுகிறேன். அரசாங்க உத்தரவுகளை மக்கள் அப்படித்தான் நிறைவேற்றுகிறார்கள்.

தரகர் என்னைப் பற்றி என்ன சொன்னாரோ தெரியாது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை இருக்கிறது. கொஞ்சம் தென்னந்தோப்பு இருக்கிறது. படித்து முடித்த புத்தகங்கள் ஓர் அறை நிறைய இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் என் வயதில் கல்யாணம் ஆகாமல் இருக்கும் ஆண்களை ஒன்று சேர்த்தால் தனிச் சட்டமன்றத் தொகுதி கேட்கலாம். பெண்ணைப் பெற்றவர்கள் பெங்களூரில் சம்பளம் வாங்கும் மாப்பிள்ளை கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் பெண்ணைப் பெற்றிருந்தால் நானும் எனக்குக் கொடுக்க மாட்டேன்.

தரகர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றை நானே சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடம் முன்பு என் இடப்பக்கத் தொடையிடுக்கில் எலுமிச்சை அளவில் ஒரு வீக்கம் வந்தது. படுத்தால் உள்ளே போகும். இருமினால் வெளியே வரும். ஹெர்னியா என்றார்கள், அதாவது குடலிறக்கம். கோவையில் ஆபரேஷன் செய்து, குடலை உள்ளே தள்ளி, ஒரு வலை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

எங்கள் தோப்புக்கு அடுத்த தோப்புக்காரர் காளிச்சாமி அண்ணன். அவருக்கும் பல வருடம் முன்பு இதே ஆபரேஷன் நடந்தது. மூன்று பெண்கள் பிறந்து, நான்காவதாவது பையனாக வேண்டும் என்று வீட்டார் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். அவர் டாக்டரிடம் தனியாகப் பேசி, மரத்துப்போக முதுகில் போட்ட ஒரே ஊசியில் இரண்டு வேலையையும் முடித்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் ஒரு வேலையைத்தான் சொன்னார்; இரண்டாவதை என்னிடம் மட்டும், அதுவும் வெகு நாள் கழித்து. குடும்பக் கட்டுப்பாட்டை ஒரு ஆண் செய்துகொண்டான் என்று தெரிந்தால், எங்கள் ஊரில் அவன் மூட்டை தூக்க லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான்காவது பிறக்கவில்லை. ஊர் யோசித்தது. கடைசியில் தானாகவே ஒரு மருத்துவ உண்மையைக் கண்டுபிடித்தது: ஹெர்னியா ஆபரேஷன் செய்தவனுக்குப் பிள்ளை பிறக்காது. அதை உறுதிசெய்ய இரண்டாவது நோயாளி தேவைப்பட்டான். அது நான்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என் அம்மா வள்ளியாத்தாள் கேட்டது:

“ஏங்கண்ணு, நெசமாச் சொல்லு. அதையும் அறுத்துப்போட்டாங்களா?”

“எதையும்மா?”

“காளிச்சாமிக்கு அறுத்ததைத்தான் கண்ணு. ஊரே பேசுது.”

“கொடல உள்ள தள்ளி, வலை வெச்சுத் தெச்சாங்கம்மா. அவ்வளவுதான்.”

“வலையா? அப்ப அது அதுல மாட்டிக்காதா?”

இந்தக் கேள்வியை நான் ஆபரேஷன் செய்த சர்ஜன் அம்மாவிடம் அப்படியே எடுத்துப்போனேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். விந்துக்குழாய் அந்த வழியாகத்தான் போகிறதாம். அதை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வலையை விரிப்பார்களாம். அபூர்வமாக அடிபடுவது உண்டு; அதுவும் இரண்டு பக்கமும் அடிபட்டால்தான் பிள்ளை பிறப்பதில் சிக்கல். எனக்கு அது பத்திரமாக இருக்கிறது. சோதனையும் செய்து பார்த்தாயிற்று.

ஆகவே தகப்பனாவதற்கு எனக்கு ஒரு தடையும் இல்லை. இந்த நல்ல செய்தியை ஊருக்குச் சொல்லி நம்பவைக்க முடியவில்லை. உங்களிடமாவது முதலிலேயே சொல்லிவிட விரும்பினேன்.

பதிலை எதிர்பார்க்கும்
கிருபாசங்கர்


வால்பாறை
19 ஜூலை 2024

கிருபாசங்கர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நனைந்து வந்தது. இந்த மாதத்தில் இங்கே எல்லாம் நனைந்துதான் வரும். என் வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான் வருகிறார்கள்.

போன் வேண்டாம் என்றதற்குக் காரணம் கேட்டிருந்தீர்கள். குவார்ட்டர்ஸில் சிக்னல் கிடையாது. ரேஷன் கடை வளைவில் போய் நின்றால் கிடைக்கும். அங்கே நின்று பேசினால் எஸ்டேட் முழுவதும் கேட்கும். கேட்காதவர்கள் மறுநாள் என்னிடமே வந்து விசாரிப்பார்கள். இன்னொரு காரணமும் உண்டு. லாஸ்யாவின் அப்பா போனில் பிரமாதமாகப் பேசுவார். விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்று காலையிலும் ரோஜாப்பூப் படம் போட்டுக் குட் மார்னிங் அனுப்பியிருந்தார். அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னால் ஒரு வரி வராது. அதனால் இனி எழுதத் தெரிந்த ஆளாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

உங்களுக்கு எழுத வருகிறது.

ஆபரேஷனைப் பற்றி வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. தரகர் சொன்னதும் நீங்கள் சொல்வதும் ஒன்றாக இல்லை. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

“அந்த மாமா லேத்துல பம்பரம் செய்வாராம்மா?” என்று லாஸ்யா கேட்கிறாள். தெரியாது என்று சொல்லியிருக்கிறேன்.

மோகனப்பிரியா


கிணத்துக்கடவு
11 ஆகஸ்ட் 2024

மோகனப்பிரியா அவர்களுக்கு,

பம்பரம் தனிப் பார்சலில் வருகிறது. பித்தளை. கொஞ்சம் கனம் அதிகம். காலில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து யாரும் என்னிடம் சுற்றுவதற்கென்று ஒன்றைக் கேட்டதில்லை. பம்புக்காரர்கள் சுற்றுகிறதா என்று மட்டும் கேட்பார்கள்.

கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னீர்கள். பொறுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்ததில் ஒன்று தெரிந்தது. ஆபரேஷன் வரைக்கும் நான் பாஸ் மார்க்கில் இருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு எங்கோ குறைந்துவிட்டது. பிள்ளை பெறத் தகுதி உண்டு என்று சொல்லி ஒரு வரனை இழந்த முதல் ஆள் நானாக இருக்கலாம். எந்த வரியில் தவறு செய்தேன் என்று சொல்லுங்கள்.

இடையில் ஒரு செய்தி. வலப்பக்கமும் வீக்கம் வந்துவிட்டது. ஒரு பக்கம் வந்தவர்களுக்கு மறுபக்கம் வருவது வழக்கம்தானாம். அவசரமில்லை, ஆனால் செய்துவிடுங்கள் என்கிறார் சர்ஜன் அம்மா. உள்ளே போகாமல் நின்று வலித்தால் மட்டும் உடனே ஓடிவர வேண்டுமாம். தீபாவளிக்கு முன்னால் ஆர்டர்களை முடித்துக் கொடுக்க வேண்டும்; பிறகுதான்.

காளிச்சாமி அண்ணன் கேள்விப்பட்டுத் தோப்பு வேலியோரம் வந்தார்.

“என்றா தம்பி, வலப்பக்கமும் வந்துபோச்சாமா?”

“ஆமாங்ணா.”

“எதைத் தூக்குன?”

“ஒரு ஷாஃப்ட்டுங்ணா.”

“நான் ரெண்டு தேங்கா மூட்டை தூக்குனேன். எனக்கு ஒரு பக்கந்தான் வந்துச்சு. நீ படிச்சவன், ரெண்டு பக்கம்.” கொஞ்ச நேரம் என் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாஞ்சொல்றதக் கேளு. இந்தத் தடவ அதையும் சேத்து முடிச்சுப்போடு. எப்படியும் ஊரு நம்பியாச்சு. ஊரு சொன்னது பொய்யாகக் கூடாது பாரு.”

“நான் இன்னும் கல்யாணமே பண்ணலீங்ணா.”

“அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா தூங்கப் போன பிறகு வீட்டில் ஃபிரிஜ் சத்தம் மட்டும் கேட்கும். அது நின்றால்தான் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது தெரிகிறது. கடிதம் எழுதும் நாட்களில் அது கேட்பதில்லை. அதற்காகவாவது பதில் போடுங்கள்.

கிருபாசங்கர்


வால்பாறை
1 செப்டம்பர் 2024

கிருபாசங்கர் அவர்களுக்கு,

தரகர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். “அம்மணி, ஒண்ணு மட்டும் மறைக்காமச் சொல்லிப்போடறனுங்க. மாப்பிள்ளைக்கு இனிக் கொழந்தை பாக்கியம் இல்லீங்க. ஒரு ஆபரேஷன்ல அது போயிருச்சுங்க. உங்களுக்கு ஒத்து வருமான்னு ரோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் அதைக் குறையாகச் சொன்னார். எனக்கு உங்களிடம் அது ஒன்றுதான் பிடித்திருந்தது. மன்னிக்கவும். அப்போது உங்களைப் பார்த்திருக்கவில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் மலையை விட்டு இறங்கிப் பொள்ளாச்சிக்கு வந்தேன்.

எனக்கு ஆறு வயதில் அம்மா இறந்துபோனார். எங்கள் ஊர் கோபி. அப்பா மறு கல்யாணம் செய்துகொண்டார். சித்தி நல்லவர். அடித்ததில்லை, திட்டியதில்லை, எனக்குத் தலை சீவிப் பூ வைத்துவிடுவார். அவர் பக்கத்தில்தான் படுத்துக்கொள்வேன். தம்பி பிறந்ததும் என் பாய் ஹாலுக்கு வந்தது. கைக்குழந்தை இருக்கும் அறையில் இடம் இருக்காது, சரிதான். பிறகு ஈரோட்டில் ஹாஸ்டல். நல்ல பள்ளிக்கூடம், அதுவும் சரிதான். யாரும் எனக்கு ஒரு தப்பும் செய்யவில்லை. செய்திருந்தால் கோபப்பட்டு முடித்திருப்பேன்.

ஒரு முழுப்பரீட்சை லீவுக்குப் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றேன். தம்பிக்கு அப்போது நாலு வயது. என்னைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிப்போய்க் கத்தினான்: “அம்மா, ஒறம்பரை வந்திருக்குது.” விருந்தாளி வந்தால் எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். சித்தி சிரித்தார். அப்பாவும் சிரித்தார். குழந்தை சொன்னதற்கு நானும் சிரித்தேன்.

லாஸ்யாவுக்கு எட்டு வயது. அவள் எந்த வாசலிலும் அப்படி நிற்கக் கூடாது. எனக்கு இன்னொரு குழந்தை வேண்டாம். நான் கல்யாணம் செய்துகொள்பவருக்கும் வேண்டாம் என்றிருக்க வேண்டும். இதில் மட்டும் நான் மாற மாட்டேன்.

மாத்திரை இருக்கிறது, காப்பர் டி இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. அதை எடுத்துவிடலாமே என்று ஒருநாள் பேச்சு வரும். முதலில் உங்கள் அம்மா சொல்வார். நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதை நான் தினமும் கேட்க வேண்டியிருக்கும். நானே ஆபரேஷன் செய்துகொண்டால், பிள்ளை பெற முடியாதவள் என்று தெரிந்தே கட்டிக்கொண்டு வந்தோமே என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

நீங்கள் உண்மையைச் சொன்னது நல்லது. உங்களுக்குக் குழந்தை பெற்றுத் தரச் சம்மதிக்கும் பெண் கிடைப்பாள். வரனை இத்தோடு விட்டுவிடலாம்.

பம்பரம் வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். அவள் கையிலிருந்து வாங்க முடியவில்லை.

மோகனப்பிரியா


கிணத்துக்கடவு
10 செப்டம்பர் 2024

மோகனப்பிரியா அவர்களுக்கு,

விட்டுவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முன்னால் ஒரு யோசனையைச் சமர்ப்பிக்கிறேன்.

வலப்பக்க ஆபரேஷன் நவம்பர் 22, வெள்ளிக்கிழமை என்று தேதி வாங்கியிருக்கிறேன். அதே ஊசியிலேயே மற்ற வேலையையும் முடித்துவிடுகிறேன். காளிச்சாமி அண்ணன் செய்ததுதான். அவர் மறைத்தார், நான் சொல்லிவிட்டுச் செய்கிறேன். ஊருக்கு இது புதிய செய்தியாக இருக்காது. எனக்குப் பிள்ளை பிறக்காது என்று ஊர் பல நாளாக வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வருத்தத்துக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்.

விசாரித்துவிட்டேன். வெட்டிய மறுநாளே பலன் வராது. குழாயில் ஏற்கெனவே இருப்பது தீர மூன்று மாதம் ஆகும். பிறகு சோதனை செய்து ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நம்பலாம். நாம் கல்யாணத்தை மாசிக்குப் பிறகு வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக இருக்கும். இப்படி முகூர்த்தம் குறித்தவர்கள் இதற்கு முன் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு உதவி. ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து கையெழுத்துப் போட ஓர் ஆள் கேட்பார்கள். அம்மாவிடம் இரண்டாவது வேலையைச் சொன்னால் அவர் கையெழுத்துப் போட மாட்டார். நீங்கள் வர முடியுமா?

லாஸ்யா ஒறம்பரையாக நிற்க வேண்டாம். இந்த வீட்டில் ஒறம்பரையே வந்து நாளாகிறது. அந்த வார்த்தை இங்கே புழக்கத்தில் இல்லை.

கிருபாசங்கர்


வால்பாறை
29 செப்டம்பர் 2024

ஏனுங்க,

இப்படித் தொடங்கலாமா என்று நானும் ஒரு கூட்டம் போட்டேன். லாஸ்யா வந்து கலைத்துவிட்டாள்.

வருகிறேன். நவம்பர் 21ஆம் தேதி மத்தியானத்துக்கு மேல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். “யாருக்கு டீச்சர் உடம்பு சரியில்லை?” என்று எச்.எம். கேட்டார். “ஒருத்தருக்குங்க” என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் ரேஷன் கடை வளைவில் விஷயம் தெரிந்திருந்தது.

“அந்த மாமாவுக்கு வயித்த வெட்டுவாங்களாம்மா? நான் போய்க் கையப் புடிச்சுக்கட்டா?” என்று லாஸ்யா கேட்கிறாள். வார்டில் குழந்தைகளை விடமாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். பாட்டிலில் நெல்லிக்காய் ஊறப்போட்டு வைத்திருக்கிறாள், உங்களுக்காம்.

சந்தோஷமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. நீங்கள் எல்லாவற்றையும் வேடிக்கையாகவே எழுதுகிறீர்கள். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேடிக்கைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்காகச் செய்த உபகாரமாக இது இருக்கக் கூடாது. உபகாரத்தை யாராவது ஒருநாள் ஞாபகப்படுத்துவார்கள்.

டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டு, உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும் வேடிக்கை வேண்டாம்.

மோகனா


கிணத்துக்கடவு
20 அக்டோபர் 2024

மோகனா,

வேடிக்கையை முதலில் முடித்துவிடுகிறேன். அதற்கு நான் பொறுப்பில்லை. செவ்வாய்க்கிழமை கோவைக்குப் போய்ச் சர்ஜன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?”

“இல்லீங்க டாக்டர். இது முடிஞ்சாத்தான் ஆகும்.”

“கல்யாணம் ஆகாதவங்களுக்கு நாங்க இதைப் பண்றதில்லீங்க. கல்யாணம் ஆகியிருக்கணும், ஒரு கொழந்தையாவது இருக்கணும். கவர்மென்ட் முகாமுக்குப் போனாலும் இதேதான் சொல்லுவாங்க.”

“கொழந்தை இருக்குதுங்க. எட்டு வயசு. மாசிக்கு மேல எங்கூட வந்துரும்.”

“வந்ததுக்கு அப்பறம் வாங்க. ரெண்டு பேருமா வாங்க. இப்ப ஹெர்னியாவ மட்டும் சரிபண்ணிவிடறேன்.”

எனக்கு நடந்துவிட்டதாக ஊரே நம்பும் ஒன்றை, நானே போய்க் கேட்டும் செய்ய மறுக்கிறார்கள். கல்யாணம் ஆனால்தான் ஆபரேஷன்; ஆபரேஷன் ஆனால்தான் கல்யாணம். முதலில் கல்யாணம் செய்துகொண்டு, மறுவாரமே இருவரும் போய் நிற்கலாம். வழி இருக்கிறது.

வீட்டில் இன்னொரு கூத்து. ஆஸ்பத்திரியில் பேசியதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

“நாஞ்செத்தாக் கொள்ளி வெக்க நீ இருக்கற. நீ செத்தா?”

“கரன்ட் சுடுகாடு இருக்குதும்மா.”

“அது உனக்கு அழுகுமாடா?” என்று கேட்டுவிட்டு, துணிமணியைப் பையில் போட்டுக்கொண்டு சென்னிமலையில் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். போனை எடுப்பதில்லை.

இனி நீங்கள் கேட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து உக்கடம் வந்து பொள்ளாச்சி பஸ் ஏறினேன். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனபிறகுதான் கவனித்தேன், நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வழக்கம் கிடையாது. ஏன் என்று யோசித்தேன். அந்த அம்மா முடியாது என்று சொன்னதிலிருந்து உடம்பு லேசாகியிருந்தது.

பக்கத்து சீட்டில் ஒருவர் மடியில் பையனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வயது இருக்கும். ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் தூங்கிப்போனான். தலை என் தோளில் சரிந்தது. அவன் அப்பாவும் தூங்கிவிட்டார். எச்சில் என் சட்டையில் ஊறியது. கிணத்துக்கடவு வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. பொள்ளாச்சி வரைக்கும் போய், அவர்கள் இறங்கிய பிறகு அடுத்த பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன்.

எனக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமே ஆகாதவன் அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் முந்திக்கொண்டு சிரித்துவிடுவேன். ஆனாலும் சொன்ன வாக்கை மாற்ற மாட்டேன். கல்யாணம் ஆன மறுவாரம் செய்துகொள்கிறேன். லாஸ்யா இருக்கிறாள். நீங்கள் இருப்பீர்கள். அது எனக்குப் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

பஸ் விஷயத்தை எழுதாமல் விட்டிருக்கலாம். நீங்கள் கேட்டதால் எழுதினேன்.

கிருபாசங்கர்


வால்பாறை
3 நவம்பர் 2024

கிருபாசங்கர் அவர்களுக்கு,

நீங்கள் பொள்ளாச்சி வரைக்கும் போன இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அடுப்பை அணைக்கப் போனேன். அடுப்பைப் பற்றவைத்திருக்கவே இல்லை.

உங்கள்மேல் கோபம் இல்லை. சொன்னபடி செய்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன். செய்துகொண்டு எங்களை நன்றாகவும் வைத்துக்கொள்வீர்கள். பிறகு ஒருநாள் பஸ்ஸில் யார் குழந்தையாவது உங்கள் தோளில் தூங்கும். நீங்கள் இறங்க மாட்டீர்கள். வீட்டுக்கு வந்து பஸ் லேட் என்பீர்கள். லேட் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். லாஸ்யாவுக்கும் ஒரு வயதில் தெரிந்துவிடும். என் சித்தி என்னிடம் எதையும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்துதானே இருந்தது.

பஸ் விஷயத்தை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் நான் 22ஆம் தேதி வந்திருப்பேன். எழுதச் சொன்னது நான்தான்.

அதனால் வரவில்லை. லீவை ரத்து செய்துவிட்டேன்.

உங்களுக்கு ஒரு குழந்தை பிறக்கட்டும். மனதார எழுதுகிறேன். எழுதிய பிறகு ஒருமுறை படித்துப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. வேறு இடம் பாருங்கள். தரகரிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஜாதகம் பொருந்தவில்லை என்று என் பக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

லாஸ்யாவிடம் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் மழையில் ரோடு சரிந்துவிட்டது என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். வருடத்தில் பாதி நாள் அது உண்மைதான். நெல்லிக்காயை நாங்களே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுத ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது இனிமேல் பழக வேண்டும். முன்பு பழகித்தான் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா என்று மட்டும் ஒரு வரி போடுங்கள். அதற்கு நான் பதில் எழுத மாட்டேன்.

மோகனப்பிரியா


கிணத்துக்கடவு
8 டிசம்பர் 2024

மோகனப்பிரியா அவர்களுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அது மேலே இருக்கிறது. இனி வருவது நீங்கள் கேட்காதது. படிக்காமல் விடலாம்.

ஹெர்னியாவை மட்டும்தான் சரிசெய்தார்கள். இந்தப் பக்கமும் குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று சர்ஜன் அம்மா சொன்னார். “மாசி முடிஞ்சு ரெண்டு பேருமா வாங்க” என்று ஞாபகமாகச் சொல்லி அனுப்பினார். சரிங்க என்று சொன்னேன்.

அம்மா இன்னும் சென்னிமலையில்தான் இருக்கிறார். கையெழுத்துப் போடக் காளிச்சாமி அண்ணன் வந்தார். நர்ஸ் அவரிடம், “நீங்க பேஷன்ட்டுக்கு என்ன வேணுங்க?” என்று கேட்டாள். “இவனுக்கு முன்னாடி இங்க படுத்தவனுங்க” என்றார். அப்படி ஒரு உறவு அவர்கள் படிவத்தில் இல்லை. அண்ணன் என்று போட்டுக்கொண்டார்கள். ராத்திரி கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, “அந்த டீச்சரம்மா வரலியா?” என்று கேட்டார். ரோடு சரிந்துவிட்டதாகச் சொன்னேன்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று ஆட்டோ வேண்டாம், நடந்தால்தான் தையல் இளகும் என்று அவராகவே ஒரு வைத்தியம் சொல்லி, பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் என் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு வந்தார். பேக்கரி வாசலில் ஆள் இருந்தது. பால் சொசைட்டியிலும் ஆள் இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார்: “ரெண்டு பக்கமும் முடிஞ்சுதுங்க. இனி ஒண்ணும் பயமில்லீங்க.” அவர்கள் என்னைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், நல்லதுங்க என்றார்கள்.

பட்டறை திறந்துவிட்டேன். கனம் தூக்கப் பையன்கள் இருக்கிறார்கள்.

போன வியாழக்கிழமை தரகர் வந்து, “ரெண்டு பக்கமும் முடிஞ்சுதுன்னு ஊரே சொல்லுதுங்க, இனி இதை எங்க காட்டறதுங்க” என்று என் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கிருபாசங்கர்